வயது வந்த ஆண்களுக்கான விருத்தசேதனக் கருவிகள்: மதிப்பீட்டு நெறிகளின் வளர்ச்சி

ஆண்குறியின் மொட்டை மூடியிருக்கும் முன்தோலை நீக்குவதாகிய விருத்தசேதனம், சமயச் சடங்காகவும் இனக்குழு மரபாகவும் நெடுங்காலம் வழங்கிவந்த பின்னர், இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் வழிகளுள் ஒன்றாக மருத்துவ உலகின் ஏற்பைப் பெற்றது. அந்த ஏற்பைத் தொடர்ந்து, தையலின்றி அதனைச் செய்து முடிக்கும் கருவிகள் பல முன்வைக்கப்பட்டன. அவற்றை எந்த அளவுகோலால் எடைபோடுவது என்ற வினாவுக்கு ஆப்பிரிக்க நாடுகளின் கள அனுபவம் படிப்படியாக விடை தந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

தேவை எழுந்த சூழல்

தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ராக்காய் ஆகிய மூன்று இடங்களில் சமவாய்ப்புச் சோதனைகள் நடத்தப்பட்டன. பங்கேற்போரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உடனடியாகவும் மற்றதற்குப் பின்னரும் சிகிச்சை அளித்து விளைவுகளை ஒப்பிடுவது இச்சோதனைகளில் பின்பற்றப்பட்ட முறையாகும். 2005இல் வெளியான ஆரஞ்சு ஃபார்ம் முடிவும் 2007இல் வெளியான ஏனைய இரண்டின் முடிவுகளும், பெண்களிடமிருந்து ஆண்களுக்குத் தொற்று பரவும் வாய்ப்பை விருத்தசேதனம் ஏறத்தாழ 50 முதல் 60 விழுக்காடு வரை குறைக்கிறது என ஒரே திசையில் காட்டின. முன்தோலின் உட்புறத்தில் எச்.ஐ.வி. பற்றிக்கொள்ளும் உயிரணுக்கள் மிகுந்திருப்பது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

இச்சான்றுகளின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் எய்ட்ஸ் திட்டமும் 2007 மார்ச்சில், தொற்று மிகுந்தும் விருத்தசேதனம் குறைந்தும் காணப்படும் நாடுகளில் தன்விருப்ப விருத்தசேதனத்தைப் பரிந்துரைத்தன. கிழக்கு, தென் ஆப்பிரிக்காவின் 14 நாடுகள் முன்னுரிமை நாடுகளாகத் தெரிவு செய்யப்பட்டன. 15 முதல் 49 வயது வரையுள்ள ஆண்களில் 80 விழுக்காட்டினரை எட்டுவதற்கு, ஐந்தாண்டுகளில் சுமார் 2 கோடிப் பேருக்கு இச்சிகிச்சையை அளிக்க வேண்டும் என 2011இல் கணக்கிடப்பட்டது. வழக்கமான அறுவை முறைக்கு மரத்துப்போகும் ஊசி, கிருமி நீக்கிய கருவிகள், தையல், பயிற்சி பெற்ற கைகள், ஒருவருக்கு 20 முதல் 30 நிமிடம் வரையான நேரம் ஆகியவை தேவைப்பட்டன. மருத்துவர் பற்றாக்குறை நிலவிய அந்நாடுகளில் இவ்வளவு பெரிய இலக்கை அறுவையால் மட்டும் எட்ட முடியுமா என்ற ஐயமே கருவிகளின் மீது கவனத்தைத் திருப்பியது.

குழந்தைகளுக்கான கருவிகளிலிருந்து பெரியவர்களுக்கான கருவிகளுக்கு

கருவியால் விருத்தசேதனம் செய்வது புதிதன்று. அமெரிக்காவில் 1930களில் உருவான கோம்கோ கவ்வியும், பின்னர் வந்த மோகன் கவ்வியும் பிளாஸ்டிபெல் வளையமும் பச்சிளங் குழந்தைகளிடம் நெடுங்காலமாகப் பயன்பட்டுவந்தன. ஆயினும் வயது வந்தோரின் முன்தோல் தடித்தது. அதன் இரத்தக் குழாய்கள் பெரியவை. ஆண்குறி விறைப்படையும்போது இறுக்கமும் வலியும் கூடுகின்றன. புண் ஆறுமுன் உடலுறவு நிகழவும் கூடும். ஆகவே குழந்தையிடம் பாதுகாப்பாகச் செயல்படும் ஒரு கருவி பெரியவரிடமும் அவ்வாறே செயல்படும் என்று கொள்வதற்கு இடமிருக்கவில்லை.

இந்த எச்சரிக்கை எவ்வளவு தேவையானது என்பதை மலேசியாவில் உருவான தாரா கிளாம்ப் என்னும் பிளாஸ்டிக் கவ்வியின் அனுபவம் உணர்த்தியது. ஆரஞ்சு ஃபார்மில் அதனை வழக்கமான அறுவை முறையுடன் ஒப்பிட்டு நடத்தப்பட்டு 2009இல் வெளியான சமவாய்ப்புச் சோதனையில், கருவிப் பிரிவில் சிக்கல்கள் மிக அதிகமாகவும் வலி கூடுதலாகவும் பதிவாயின. தென்னாப்பிரிக்காவின் குவாசூலு நட்டால் மாகாணத்தில் அக்கருவி பின்னரும் பயன்படுத்தப்பட்டபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. எளிமையும் விரைவும் ஒரு கருவிக்குப் போதிய தகுதிகள் அல்ல என்பதை இந்நிகழ்வு தெளிவாக்கியது.

மதிப்பீட்டுச் சட்டகம்

உலக சுகாதார நிறுவனம் 2012இல் வெளியிட்ட சட்டகம் கருவிகளைப் படிநிலைகளாகச் சோதிக்கும் நெறியை வகுத்தது. முதலில் சிலரிடம் மட்டும் பொருத்தி நெருங்கிக் கண்காணிக்கும் தொடர் ஆய்வு, அடுத்து அறுவை முறையுடன் ஒப்பிடும் சமவாய்ப்புச் சோதனை, அதன் பின்னர் மருத்துவர் அல்லாத செவிலியர் போன்றோர் உண்மையான மருத்துவ நிலையச் சூழலில் பயன்படுத்தும் கள ஆய்வு என அது அமைந்தது. கருவி உருவான நாட்டின் சான்று மட்டும் போதாது, பயன்படுத்தப்படவிருக்கும் நாடுகளிலும் சான்று வேண்டும் என்பது இந்நெறியின் உயிர்நாடி. இவற்றோடு தயாரிப்பின் தரத்தையும் ஆராய்ந்து நிறுவனம் அளிக்கும் ஏற்பு முன்தகுதிச் சான்று எனப்படும்; பன்னாட்டு நிதியில் கருவிகளை வாங்குவதற்கு நாடுகள் அதனையே சார்ந்திருந்தன.

இரு கருவிகள், இரு செயல்முறைகள்

இஸ்ரேலில் உருவான பிரிபெக்ஸ் 2013 மே மாதத்தில் முன்தகுதிச் சான்று பெற்ற முதல் கருவியாகும். முன்தோலுக்குள் ஒரு வளையத்தை வைத்து, வெளியே மீள்தன்மையுள்ள மற்றொரு வளையத்தால் இறுக்கும்போது, அதற்கு அப்பாலுள்ள தோலுக்கு இரத்த ஓட்டம் நின்று திசு மடிகிறது. ஏழாம் நாளில் அந்த மடிந்த தோலை வெட்டி எடுத்து வளையங்களைக் கழற்றுவர். ஊசியும் தையலும் வேண்டியிராத இம்முறை ருவாண்டா, உகாண்டா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் ஆராயப்பட்டது. துர்நாற்றம், கழற்றும்போது வலி, புண் ஆறக் கூடுதல் நாள்கள் ஆகியவை குறைகளாகக் குறிக்கப்பட்டன. கருவி இடம்பெயர்ந்தாலோ, அணிந்தவர் தாமே கழற்றினாலோ, கடும் வீக்கம் ஏற்பட்டு உடனடி அறுவை தேவைப்பட்டது. எனவே அறுவை வசதி எட்டும் தொலைவில் இல்லாத இடத்தில் கருவியைப் பயன்படுத்தலாகாது என்ற நிபந்தனை விதிக்கப்பட்டது.

சீனாவில் ஷாங் ஜியான்சோங் உருவாக்கிய ஷாங் ரிங், 2015 ஜூனில் சான்று பெற்றது. உள்வளையத்தின் மேல் முன்தோலைப் புரட்டிப் போட்டு, இரு பாதிகளாகத் திறக்கும் வெளிவளையத்தால் கவ்வி, தோலை அப்போதே வெட்டிவிடுவது இதன் முறை. அப்போது மரத்துப்போகும் ஊசி தேவைப்பட்டது, தையல் தேவையில்லை. கென்யாவிலும் ஜாம்பியாவிலும் 400 ஆண்களிடம் நடந்த சமவாய்ப்புச் சோதனையில் இம்முறைக்குச் சராசரியாக 7 நிமிடமும் அறுவைக்கு 20 நிமிடமும் பிடித்தன. சிக்கல்களின் அளவில் இரண்டும் ஏறத்தாழ ஒத்திருந்தன. புண் ஆறுவதற்கு மட்டும் கருவி முறையில் சற்றுக் கூடுதல் காலம் தேவைப்பட்டது.

சோதனைகள் காட்டாத தீங்கு

மதிப்பீட்டு வரலாற்றின் முக்கியத் திருப்பம் சான்றிதழுக்குப் பின்னரே நேர்ந்தது. விருத்தசேதனத் திட்டங்கள் விரிவடைந்தபோது ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் நோயாளிகள் பற்றிய அறிக்கைகளும், அவர்களுள் சிலர் இறந்த செய்தியும் வெளிவந்தன. 2015, 2016ஆம் ஆண்டுகளில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் ஆய்வுகள், பிரிபெக்ஸ் வகைக் கருவியில் இந்த ஆபத்து அறுவையைவிடக் கூடுதல் என்று கண்டன. அக்கருவியில் மடிந்த தோல் ஒரு வாரம் உடலிலேயே தங்குகிறது. உயிர்வளி எட்டாத அத்திசு, ரணஜன்னிக் கிருமி வளர ஏற்ற இடமாகிறது. ஷாங் ரிங்கில் தோல் உடனே அகற்றப்படுவதால் இக்காரணம் பொருந்துவதில்லை.

இதற்குச் சமூகக் காரணமும் உண்டு. தாய்சேய் ரணஜன்னியை ஒழிக்கும் திட்டங்களின் வழியே பெண்களுக்கு மறுதடுப்பூசிகள் கிடைத்தன. அதே ஊர்களின் ஆண்களுக்குக் குழந்தைப் பருவத்துக்குப் பின் அத்தகைய வாய்ப்பு அரிதாகவே இருந்தது. ஆகவே பிரிபெக்ஸ் பொருத்துவதற்கு, முன்னர்த் தடுப்பூசி பெறாதோருக்குக் குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரு ஊசிகளும், இரண்டாவது ஊசிக்குப் பின் குறைந்தது இரு வாரக் காத்திருப்பும் கட்டாயமாயின. விரைவுக்காக வடிவமைக்கப்பட்ட கருவி ஆறு வார ஆயத்தத்தைக் கோரும் நிலைக்கு வந்தது. அதன் பயன்பாடும் சுருங்கியது.

முடிவுரை

முன்னுரிமை நாடுகளில் 2008 முதல் 2019 வரை சுமார் 2 கோடியே 70 இலட்சம் ஆண்கள் இத்திட்டங்களின்கீழ் விருத்தசேதனம் செய்துகொண்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு வழக்கமான அறுவை முறையே பயன்பட்டது. இருப்பினும் கருவிகளின் வரலாறு தோல்வியின் வரலாறு அன்று. சில நூறு பேரிடம் நடத்தப்படும் சோதனையால் அடிக்கடி நேரும் சிக்கல்களையே கண்டறிய முடியும். பல்லாயிரத்தில் ஒருவருக்கு நேரும் உயிராபத்தைப் பரந்த பயன்பாட்டின்போது நடைபெறும் விழிப்பான கண்காணிப்பே வெளிக்கொணரும். விருத்தசேதனத்துக்கு வருபவர் நோயாளி அல்லர். நோய் வராமல் காத்துக்கொள்ள விரும்பி வரும் நலமான மனிதர். அவருக்கு நேரும் தீங்கைப் பொறுத்துக்கொள்ளும் எல்லை மிகச் சிறியதாகவே இருக்க வேண்டும். எனவே ஒரு கருவியின் மதிப்பீடு சான்றிதழோடு முடிவடைவதன்று; அது பயன்பாட்டில் இருக்கும் காலம் முழுவதும் தொடர வேண்டிய கடமையாகும்.