எழுத்துக்கூட்டும் போட்டிகள்: ஒரு வரலாற்று நோக்கு

பிழையற எழுதுதல் கல்வியின் முதற்படி என்பது நம் முன்னோர் கொள்கை. இக்காலச் சிறார்க்கு அப்படியே தடுமாறிவிட்டதென்று ஒரு சாரார் வருந்துகின்றனர். தொலைக்காட்சிப் போட்டிகளில் அமெரிக்கச் சிறார் அருஞ்சொற்களை எழுத்தெழுத்தாய் உரைக்கக் கண்டு மற்றொரு சாரார் வியக்கின்றனர். இவற்றுள் எது உண்மை? அப்போட்டிகளின் வரலாற்றைச் சிறிது நோக்கின் விடை புலப்படும்.

ஆங்கிலம் ஒலித்தவாறு எழுதப்பெறாத மொழி. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சுப்பொறியை நிறுவிய பின்னர், எழுத்து வடிவம் மெல்ல மெல்ல நிலைபெறத் தொடங்கிற்று. உயிரொலிகளோ தொடர்ந்து மாறிச் சென்றன. பிறமொழிச் சொற்களும் தத்தம் எழுத்துக்கோலத்துடன் வந்து புகுந்தன. ஆகவே எழுத்துக்கூட்டல் அங்கே தனிக்கலையாயிற்று. 1783-இல் நோவா வெப்ஸ்டர் வெளியிட்ட எழுத்துக்கூட்டல் நூல் அமெரிக்கப் பள்ளிகளில் பரவ, ஊர்தோறும் போட்டிகளும் பெருகின.

1925-இல் ஒன்பது செய்தித்தாள்களின் ஆதரவில் வாஷிங்டனில் முதல் தேசியப் போட்டி நிகழ்ந்தது. 'கிளாடியோலஸ்' என்னும் மலர்ப்பெயரைப் பிழையின்றிக் கூறி வென்றவர் பதினொரு வயதுச் சிறுவர் பிராங்க் நியூஹவுசர். 1985-இல் 'மில்யூ' என்னும் பிரெஞ்சுவழிச் சொல்லால் வாகை சூடிய பாலு நடராஜன், அப்பட்டம் பெற்ற முதல் இந்திய வம்சாவளியினர். 1965-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் பின் அங்குச் சென்ற கற்றோர் குடும்பங்கள் பல, இப்பயிற்சியை ஒரு தவமாகவே மேற்கொண்டன. 1994 முதல் ஈ.எஸ்.பி.என். தொலைக்காட்சி ஒளிபரப்ப, போட்டி நாடறிந்த விழாவாயிற்று. 2019-இல் எண்மர் தளராது நிற்க, அவர்களை வெல்லத்தக்க சொற்கள் அருகிப் போயின. எண்மருக்கும் பட்டம் வழங்கப்பெற்றது. அவருள் எழுவர் இந்திய வம்சாவளியினர்.

இதுகொண்டு சிறார் அனைவரும் எழுத்தில் வல்லவராயினர் எனக் கொள்ளலாகுமா? ஆகாது. பந்தய வீரனைக் கண்டு ஊராரின் நடைவேகத்தை அளப்பது போன்றதாகும் அது. மேடையில் நிற்போர் பல்லாண்டு அயராது பயின்ற சிலரே. ஆயினும் அவர்கள் ஓர் உண்மையை உணர்த்துகின்றனர். சொல்லைக் கேட்ட சிறுவன் அதன் பொருளையும் பிறந்த மொழியையும் வினவலாம் என்பது போட்டி விதி. சொல்லின் வரலாறு அறிந்தவனுக்கு எழுத்துத் தானே கைவரும். 2021-இல் ஜைலா அவான்ட்-கார்ட் என்னும் சிறுமி வென்ற சொல் 'முர்ராயா'. சுவீடன் நாட்டுத் தாவரவியலார் முர்ரேயின் பெயரால் அமைந்தது அது. நம் கறிவேப்பிலைக்கு நெடுநாள் வழங்கிய தாவரவியற் பெயர் 'முர்ராயா கோனிகீ'. பின்மொழியோ 18-ஆம் நூற்றாண்டில் தரங்கம்பாடியில் மருத்துவராயிருந்த கோனிக்கைக் குறிப்பது. ஒரு தாளிப்பு இலையின் பெயரில் எத்துணை வரலாறு!

இனி, நம் இல்லத்திற்கு வருவோம். அரசுப் பணியின் பொருட்டு வடபுலம் வந்து குடியேறியோர் நாம். 'போகன்வில்லியா'வை ஆங்கிலத்தில் தடையின்றி எழுத்துக்கூட்டும் நம் மகள், ஊரிலுள்ள பாட்டிக்கு எழுதிய மடலில், "எனக்குப் பல்லி மிகவும் பிடிக்கும்" என்று எழிதிவிட்டாள். "பல்லிக்கும் என் ஆசியைச் சொல்" என்று மறுமடல் வந்தது. வீடே நகைத்தது, மகள் மட்டும் முகம் வாடினாள். அவ்வாட்டம் நம்மையும் சுட்டது. அச்சொல்லை அவள் காதுற நாம் திருத்தமாக ஒலித்ததுண்டா?

தமிழில் எழுத்துப்பிழை பெரும்பாலும் ஒலிப்பிழையே. எழுத்துகள் பிறக்கும் இடத்தையும் நா தொடும் முறையையும் உணர்த்தத் தொல்காப்பியர் பிறப்பியல் என்றோர் இயலே வகுத்தார். வால், வாள், வாழ் என்பவற்றை மகளுக்கு ஒலித்துக் காட்டி, பொருளைக் கூறச் செய்தோம். மூன்றாம் நாள் பிழையொழிந்தது.

மேடையும் பரிசும் இல்லாப் போட்டி இது. நடுவரோ எண்பது வயது மூதாட்டி. அவர் மடல் எழுதும் காலத்திலேயே நம் பிள்ளைகள் அதில் தேறுதல் வேண்டும்.