பெருமையிலிருந்து பழிக்கு: அமெரிக்க வீட்டுப் புல்தரை கடமையான வரலாறு

அமெரிக்க வீட்டுக்காரர்கள் தங்கள் வாசலில் விரிந்திருக்கும் புல்தரையைக் கைவிட வேண்டுமா என்ற விவாதத்தில், வரலாறு என்று பலரும் எடுத்துக்காட்டுவது யுவால் நோவா ஹராரி 'ஹோமோ டியஸ்' நூலின் முதல் இயலில் எழுதிய சில பக்கங்களைத்தான். அந்தப் பக்கங்கள் சொல்வது சுருக்கமாக இது. வீட்டு முகப்பில் புல் வளர்க்கும் எண்ணம் இடைக்காலத்தின் இறுதியில் பிரெஞ்சு, ஆங்கிலப் பிரபுக்களின் கோட்டைகளில் பிறந்தது. புல்தரை நிலத்தை அடைத்துக்கொள்ளும், உழைப்பைக் கேட்கும், ஒரு பிடி தானியம் தராது. ஏழைக் குடியானவனுக்கு அது கட்டாது. கட்டாது என்பதாலேயே அது அந்தஸ்தின் அடையாளமானது. மன்னர்கள் போன பிறகு நாடாளுமன்றங்களும் விளையாட்டரங்குகளும் அதை எடுத்துக்கொண்டன. தொழிற்புரட்சிக்குப் பின் நடுத்தரக் குடும்பங்களும் எடுத்துக்கொண்டன. இந்த வரலாறு தெரிந்தவர் தன் கனவு வீட்டின் முன் புல் வேண்டுமா என்று இரண்டாம் முறை யோசிப்பார் என்று ஹராரி முடிக்கிறார்.

கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு மறுப்பு. புல்தரையின் பிறப்பைப் பற்றி அவர் சொல்வதில் பெரிய பிழை இல்லை. ஆனால் பிறந்த காரணம்தான் அதை இன்றுவரை நிலைக்க வைத்திருக்கிறது என்று அவர் கொள்கிறார். அப்படிக் கொண்டால் புல்தரை ஒரு ரசனை. ரசனை மாறினால் அதுவும் போய்விடும். என் வாசிப்பு வேறு. அமெரிக்காவில் 1868க்கும் 1947க்கும் இடையில், பெருமைக்காக வைத்திருந்த புல்தரை பழிக்கு அஞ்சி வைத்திருக்கும் புல்தரையாக மாறியது. அந்த மாற்றம் ஆவணங்களில் நடந்தது. ஆவணத்தால் வந்ததை ரசனை மாற்றத்தால் மட்டும் விலக்க முடியாது.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு. 'லான்' என்பதற்குத் தமிழில் புல்வெளி என்று எழுதுவது வழக்கம். இங்கே அதைத் தவிர்க்கிறேன். புல்வெளி என்றால் ஆடு மாடு மேயும் இடம் என்ற பொருள் நம் காதில் இன்னும் இருக்கிறது. மேய எதுவும் இல்லாமல், வெட்டி மட்டப்படுத்தி வைக்கும் நிலத்தைப் புல்தரை என்கிறேன். 1899இல் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் கவனித்ததும் இந்த வேறுபாட்டைத்தான். மேய்ச்சல் நிலத்தின் அழகை விரும்பியவர்கள், பயன் தரும் பிராணி என்பதற்காகவே மாட்டை அங்கிருந்து விலக்கினார்கள் என்றார் அவர். ஹராரியின் வாதத்துக்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங்கின் 1841ஆம் ஆண்டுத் தோட்டக்கலை நூல், எட்வின் பட்டிங் 1830இல் காப்புரிமை பெற்ற புல்வெட்டும் எந்திரம், வேலி அடைத்து அண்டை வீட்டார் பார்வையை மறைப்பது கிறிஸ்தவப் பண்பல்ல என்று 1870இல் ஃபிராங்க் ஜே. ஸ்காட் எழுதியது ஆகியவை பலரும் எழுதிவிட்டவை. நான் நிற்க விரும்புவது நான்கு ஆவணங்களில்.

முதலாவது, சிகாகோவுக்கு அருகே ரிவர்சைடு என்ற புறநகருக்காக ஃபிரெடெரிக் லா ஓம்ஸ்டெடும் கால்வர்ட் வாக்ஸும் 1868இல் எழுதிய அறிக்கை. மக்கள் எப்படி வீடு கட்டுவார்கள் என்பதை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, அவலட்சணமான வீடுகள் சாலையில் போகிறவர் கண்ணை உறுத்தாமல் பார்த்துக்கொள்ளத்தான் முடியும் என்பது அவர்கள் வாதம். அதனால் வீடு சாலையிலிருந்து இத்தனை அடி தள்ளி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். ரிவர்சைடில் அது 30 அடி ஆனது. நம் ஊர் கட்டுமானக்காரர்கள் 'செட்பேக்' என்று சொல்வதன் அமெரிக்க முன்னோடிகளில் இது ஒன்று. அந்த இடைவெளியில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வைத்துக் காக்க வேண்டியது என்ன? ஒன்றிரண்டு உயிருள்ள மரங்கள். கட்டாயத்தைச் சொல்லும் அந்த இடத்தில் புல் இல்லை. ஓம்ஸ்டெட் புல்லை நேசித்தவர், நியூயார்க் சென்ட்ரல் பூங்காவே சாட்சி. இருந்தும் தனி வீட்டுக்காரர் மேல் அவர் சுமத்தியது மரத்தை.

இரண்டாவது, 1903இல் மிசூரி உச்ச நீதிமன்றம் செயின்ட் லூயிஸ் நகருக்கும் கால்ட் என்பவருக்கும் இடையிலான வழக்கில் தந்த தீர்ப்பு. மனையில் களை மண்ட விடக் கூடாது என்ற நகர விதியை நீதிமன்றம் ஏற்றது. களை என்றால் என்ன என்பதை அந்த விதி விளக்கியிருந்தது: துர்நாற்றம் வீசும் அடர்ந்த செடிகொடி, அழுக்கை மறைக்கக்கூடிய உயர்ந்த செடிகொடி. அதாவது பொதுச் சுகாதாரம். இங்கேயும் புல்தரை இல்லை. ஆனால் செடியின் உயரம் சட்டத்தின் பார்வைக்குள் வந்துவிட்டது.

மூன்றாவது, 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தந்த கோரிப் எதிர் ஃபாக்ஸ் தீர்ப்பு. வர்ஜீனியா மாநிலத்தின் ரோனோக் நகரம் விதித்த செட்பேக்கை நீதிமன்றம் செல்லும் என்றது. முன்புற இடைவெளி ஏன் நல்லது என்பதற்கு அதில் வரும் காரணங்களில் தெருப் புழுதி, இரைச்சல், தீ பரவும் ஆபத்து எல்லாம் உண்டு. அவற்றோடு, அந்த இடைவெளி புல்தரைக்கும் மரங்களுக்கும் இடம் தரும் என்பதும் உண்டு. 1868இல் மரம் மட்டும் இருந்த இடத்தில் 1927இல் புல்தரை வந்து முன்னால் நிற்கிறது. ஆனாலும் இது இடம் தருவதுதான். வைத்தே ஆக வேண்டும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை.

நான்காவது ஆவணம்தான் இக்கட்டுரைக்கு உயிர். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் லெவிட் குடும்பத்தார் கட்டிய லெவிட்டவுனில் 1947 அக்டோபரில் முதல் குடும்பங்கள் குடியேறின. போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்காகத் தொடங்கிய ஊர் அது. மனை 60 அடிக்கு 100 அடி. வீடு 750 சதுர அடி. எட்டில் ஏழு பங்கு நிலம் வீட்டுக்கு வெளியே கிடந்தது. முதலில் குடிவந்தவர்கள் வாடகைக்காரர்கள். அவர்கள் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தத்தில் ஒரு பிரிவு: ஏப்ரல் 15 முதல் நவம்பர் 15 வரை வாரம் ஒரு முறையேனும் வாடகைக்காரர் புல்தரையை வெட்ட வேண்டும் அல்லது வெட்டுவிக்க வேண்டும், உயரமாக வளரும் களைகளை அகற்ற வேண்டும் அல்லது அகற்றுவிக்க வேண்டும். தவறினால் நில உரிமையாளரே வெட்டிவிட்டு, அந்தச் செலவைக் கூடுதல் வாடகையாக வசூலிப்பார்.

இந்தப் பிரிவை மெதுவாகப் படிக்க வேண்டும். 'உயரமாக வளரும் களைகள்' என்ற தொடர் 1903இன் உலகத்தைச் சேர்ந்தது. அதன் பக்கத்திலேயே, ஒரே வாக்கியத்தில், ஒரே கட்டாயத்தின் கீழ் 'புல்தரை' வருகிறது. செயின்ட் லூயிஸ் விதிக்குப் புல்தரை இல்லாவிட்டால் குற்றமில்லை, களை இருந்தால்தான் குற்றம். இங்கே புல்தரை இருப்பது கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. அது எத்தனை நாளுக்கு ஒரு முறை வெட்டப்பட வேண்டும் என்பதே மிச்சக் கேள்வி. களையை அகற்றச் சொன்ன சட்டத்தின் குரலும் புல்லைப் பேணச் சொன்ன தோட்டக்கலையின் குரலும் இங்கே ஒன்றாகின்றன. அடுத்து 'வெட்டுவிக்க' என்ற பிறவினை. வாடகைக்காரரின் கை எந்திரத்தைத் தொட வேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கவில்லை, வேலை நடந்திருக்க வேண்டும் என்று கேட்கிறது. தோட்டம் போடுகிற மகிழ்ச்சிக்கு இதில் இடமில்லை. காலக்கெடுவும் அப்படித்தான். ஏழு மாதம், ஏறத்தாழ 30 வாரங்கள். மழை பெய்ததா, புல் வளர்ந்ததா என்று அது பார்ப்பதில்லை.

ஹராரியின் விளக்கம் இந்த இடத்தில் உடைகிறது என்பது என் வாதம். பெருமைக்கு அபராதம் தேவைப்படுவதில்லை. கோட்டை வாசலில் புல் வளர்த்த பிரபுவிடம் யாரும் ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. உறவினர் வீட்டு அறைகளில் குடும்பத்தோடு ஒண்டியிருந்து, மாதம் 60 டாலர் வாடகைக்கு வீடு கிடைத்ததே என்று வந்த சிப்பாய், அந்தஸ்தைக் காட்டப் புல் வளர்த்தார் என்று சொல்வது அவர் கையெழுத்திட்ட தாளைப் படிக்காமல் சொல்வது.

ஒரு பிரிவை வைத்து இவ்வளவு பெரிய மாற்றத்தை நிறுவ முடியுமா என்று கேட்கலாம். எந்த வாடகை ஒப்பந்தமும் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல்லும், இதுவும் அதுபோலத்தானே என்றும் கேட்கலாம். நியாயமான கேள்விகள். பதில், வாடகைக்காரர்கள் உரிமையாளர்கள் ஆன பிறகு நடந்ததில் இருக்கிறது. 1952இல் பென்சில்வேனியாவில் தொடங்கிய இரண்டாவது லெவிட்டவுனில் வீடு விற்பனைக்கே வந்தது. அங்கே விலை கொடுத்து வாங்கியவருக்கும் வாராந்தரப் புல்வெட்டு விதி இருந்தது. வீடு சொந்தமானது, கடமை அப்படியே நின்றது. வாடகை ஒப்பந்தத்தின் சாதாரணச் சுத்த விதியாக இருந்திருந்தால் அது வாடகையோடு முடிந்திருக்க வேண்டும்.

அதே வாடகை ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவு இன்னொன்றைச் சொன்னது: வெள்ளையரல்லாதோர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது, வீட்டு வேலையாட்களாக மட்டும் இருக்கலாம். 1948இல் ஷெல்லி எதிர் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்ட இன ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்றது. அந்த வழக்கு எழுந்த ஊரும் செயின்ட் லூயிஸ்தான். லெவிட் நிறுவனம் 1949இல் பிரிவை எடுத்தது. கறுப்பினத்தவருக்கு வீடு மறுப்பதை அதன் பின்னும் நிறுத்தவில்லை. இந்த இரண்டு பிரிவுகளையும் சேர்த்துப் படிக்காமல் புல்தரையின் வரலாற்றை எழுதுவது எனக்குச் சம்மதமில்லை. யார் அண்டை வீட்டுக்காரர் ஆகலாம் என்பதையும், ஆனவர் எப்படித் தோன்ற வேண்டும் என்பதையும் ஒரே தாள் தீர்மானித்தது. முதலாவதை எதிர்த்து மக்கள் போராடினார்கள். இரண்டாவது யாருக்கும் அநீதியாகத் தோன்றவில்லை, அதனால் தங்கிவிட்டது.

அந்த ஆண்டுகளிலேயே 'களை' என்ற சொல்லின் பொருளும் நகர்ந்தது. போருக்குப் பின் கடைக்கு வந்த 2,4-டி என்ற களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளைக் கொன்று புல்லை விட்டுவைக்கும். அதற்கு முன் புல்தரை விதைக் கலவையில் வெள்ளை க்ளோவர் விரும்பிச் சேர்க்கப்பட்டது. காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் பயிறு வகைச் செடி அது. மருந்து அதையும் கொன்றது. பிறகு க்ளோவரே களை என்றானது, அது தந்த நைட்ரஜனுக்கு ஈடாக மூட்டை உரம் வந்தது. 1903இல் அழுக்கை மறைக்கும் உயரமான செடி களை. அரை நூற்றாண்டுக்குள் தரையோடு படர்ந்து மண்ணுக்குச் சத்து தரும் செடியும் களை.

வர்ஜீனியா ஸ்காட் ஜென்கின்ஸ் 1994இல் எழுதிய நூல், விதை, எந்திர, மருந்து நிறுவனங்களும் வேளாண் துறையும் கோல்ஃப் சங்கமும் சேர்ந்து அமெரிக்கர்களைப் புல்தரைக்குப் பழக்கியதைக் காட்டுகிறது. அது ஹராரியின் விளக்கத்தைவிட உண்மைக்கு நெருக்கம். ஆனால் விளம்பரம் ஆசையைத்தான் உண்டாக்கும். புவியியலாளர் பால் ராபின்ஸின் 2007ஆம் ஆண்டு நூல் எனக்குப் பெரிய துணை. புல்தரைக்கு மருந்து போடுகிறவர்களே, போடாதவர்களைவிட, அது நீருக்குக் கேடு என்று நம்புவதை அவர் ஆய்வு கண்டது. தெரிந்தே செய்கிறார்கள், அண்டை வீட்டாருக்குச் செய்ய வேண்டிய கடமை என்று செய்கிறார்கள். ஊர் பழிக்குமே என்ற அச்சம் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எந்த ஒப்பந்தமும் இல்லாத தெருக்களிலும் புல்தரைகள் இருக்கின்றன என்பது என் வாதத்துக்கு எதிரான வலுவான சான்று. அதை நான் முழுமையாகத் தள்ளிவிட முடியவில்லை. விதி இல்லாத இடத்தில் விதியுள்ள தெருவின் பழக்கம் படிந்தது என்று நினைக்கிறேன்; ஆவணத்தால் நிறுவக்கூடியதல்ல அது. மாற்றம் நடந்த ஆண்டையும் ஒரு புள்ளியாகக் குறிக்க மாட்டேன். 1927க்குப் பின், 1947க்கு முன் என்பதே நான் துணியக்கூடிய எல்லை.

இந்தக் கடமையின் விலை பெரிது. கிறிஸ்டினா மிலேசியும் குழுவினரும் 2005இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, பூங்காக்களும் கோல்ஃப் திடல்களும் சேர்த்து, அமெரிக்கப் பெருநிலத்தில் புல்தரை ஏறத்தாழ 1,63,800 சதுர கிலோமீட்டர், 35,850 கூடவோ குறையவோ. தமிழ்நாட்டின் பரப்பு 1,30,060. ஆகவே புல்தரையைக் குறைக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பிள்ளைகள் ஓடியாட ஒரு துண்டு இருந்தால் போதும். ஆனால் கேள்வியை வீட்டுக்காரர் மனச்சாட்சியிடம் மட்டும் வைப்பது, கட்டுண்டவரை ஏன் நடக்கவில்லை என்று கேட்பது.

கட்டு அவிழ்வதும் சட்டத்தில்தான் நடக்கிறது. விஸ்கான்சின் மாநிலத்தின் நியூ பெர்லினில் ஒரு வனவிலங்கு உயிரியலாளர் தன் நிலத்தை இயற்கைப் புல்வெளியாக விட்டதற்காக நகரம் தொடுத்த வழக்கு 1976இல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. ஃப்ளோரிடா 2009இலும் மேரிலாண்ட் 2021இலும் வீட்டு உரிமையாளர் சங்கங்கள் நீரும் மருந்தும் குறைவாகக் கேட்கும் தோட்டங்களைத் தடுக்க முடியாதபடி சட்டம் இயற்றின. நெவாடா 2021இல் இன்னும் கடுமையாகப் போனது: 2027 முதல் லாஸ் வேகஸ் வட்டாரத்தில் பயனற்ற புல்தரைக்குக் கொலராடோ ஆற்று நீர் கிடையாது. சாலை நடுத்திட்டுக்கும் அலுவலக வளாகத்துக்கும் அது பொருந்தும். தனி வீடுகளுக்கு விலக்கு. நூறாண்டு காலம் வீட்டு வாசலுக்குள் தயங்காமல் நுழைந்த சட்டம், வெளியேறும்போது வாசலில் தயங்குகிறது.

அடுத்த ஆய்வுக்கு இடம் நூலகம் அல்ல. கவுண்டி பதிவு அலுவலகங்களில் 1927க்கும் 1947க்கும் இடைப்பட்ட கிரயப் பத்திரங்கள் இருக்கின்றன. மரம், புல்தரை, களை என்ற மூன்று சொற்களும் எந்தப் பத்திரத்தில் எந்த வரிசையில் வருகின்றன, எதன் பின்னால் 'வேண்டும்' வருகிறது என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்.