பஷீர்பாக்கும் பேகம்பேட்டும்

ஹைதராபாத் பஷீர்பாக் சந்திப்பில் நின்றால் பாபுகான் எஸ்டேட் என்ற உயர்ந்த கட்டடம் கண்ணில் படும். சுற்றிலும் கடைகள், அலுவலகங்கள், பிரஸ் கிளப். இங்கே இருந்த பஷீர்பாக் அரண்மனையும் தோட்டமும் போன இடம் தெரியவில்லை. அங்கிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பேகம்பேட்டில் பைகா அரண்மனை இன்றும் முழுசாக நிற்கிறது.

இரண்டும் ஒரே குடும்பத்துச் சொத்து. பைகாக்கள் நிஜாமுக்கு அடுத்த நிலையில் இருந்த பிரபுக்கள். படை வைத்துக் காக்க ஜாகீர் கிராமங்களைப் பெற்றவர்கள். பஷீர்பாக்கைக் கட்டியவர் ஆஸ்மான் ஜா. பேகம்பேட்டில் கட்டியவர் விக்கார் உல் உம்ரா. இருவரும் ஒரே பாட்டனாரின் பேரன்கள். இருவருமே நிஜாம் வீட்டில் பெண் எடுத்தவர்கள், அடுத்தடுத்து திவானாக இருந்தவர்கள்: முதலாமவர் 1887 முதல், அடுத்தவர் 1893 முதல். 1949-இல் ஜாகீர்கள் ஒழிக்கப்பட்டபோது இரு கிளைகளுக்கும் கிராம வருமானம் ஒரேயடியாக நின்றது. பிறகு விதி மட்டும் ஏன் இப்படிப் பிரிந்தது?

ஃபதே மைதானத்தை ஒட்டிய பஷீர்பாக், நகரம் வடக்கே வளர்ந்தபோது அதன் நடுவில் சிக்கிக்கொண்டது. அங்கே தோட்டத்தைவிட மனைக்கு மதிப்பு. பேகம்பேட்டுக்கு வந்தவர்களோ பெரிய வளாகம் தேவைப்பட்டவர்கள். ஜாகீர்தார் பிள்ளைகளுக்காக 1923-இல் தொடங்கிய கல்லூரி இன்று ஹைதராபாத் பப்ளிக் ஸ்கூல். விமான நிலையமும் அங்கேதான் அமைந்தது. பைகா அரண்மனையில் நகர வளர்ச்சி ஆணையம் இயங்கியது. பின் 2008 முதல் அமெரிக்கத் துணைத் தூதரகம்.

பைகாக்களின் ஸ்பானிய மசூதியையும் பேகம்பேட்டில் பார்க்க வேண்டும். உருண்டைக் குவிமாடம் கிடையாது. தேவாலயம் போலக் கூரிய கோபுரங்கள். உள்ளே குதிரைலாட வளைவுகள் வரிசையாகப் போகின்றன. தொழுகை நிற்கவில்லை, அதனால் கட்டடமும் நிற்கிறது.

உரிமையாளரின் அக்கறை குறைவு என்று பஷீர்பாக்கின் அழிவுக்குக் காரணம் சொல்ல நான் ஒப்பமாட்டேன். அதே ஆஸ்மான் ஜா மலக்பேட்டைப் பக்கம் குன்றின்மேல் கட்டிய ஆஸ்மான்கட் மாளிகை பிழைத்துவிட்டது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது. சென்னையில் மௌப்ரே என்ற துரையின் அடையாற்றங்கரைத் தோட்ட வீடும் ஒரு கிளப்பின் கைக்குப் போனதால்தான் தப்பியது. வளாகத்தை மொத்தமாக வேண்டுபவர் வந்த இடத்தில் வீடு நின்றது. பாரம்பரியப் பட்டியல்கள் செய்த காவலைவிட அன்றாடப் புழக்கம் செய்த காவல் பெரிது.

துணைத் தூதரகம் 2023-இல் நானக்ராம்குடாவுக்குப் போய்விட்டது. பைகா அரண்மனையில் இனி எந்த அலுவலகம் இருந்தாலும், கீழ்த்தளத்தில் ஒரு கூடத்தையாவது பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும். புகைப்படக் கலைஞர் லாலா தீன் தயாள் எடுத்த பஷீர்பாக் அரண்மனைப் படங்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே மாட்டலாம்.