அமர்த்தும் கையும் இறக்கும் கையும்: புதுச்சேரியில் சட்டமன்றக் கட்சித் தலைவர்கள், 1963–2021

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று 178 பேர் கூடி வாக்களித்தார்கள். பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகரசபை உறுப்பினர்களுமான அவர்களில் 170 பேர் இந்தியாவோடு இணைய இசைந்தார்கள். 8 பேர் மறுத்தார்கள். மறுத்தவர்களின் எண்ணிக்கையும் வரலாற்றில் நிற்கிறது. அதே ஆண்டின் மார்ச் இறுதியில் சென்னையில் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சி கூடியபோதும் இப்படித்தான் நடந்தது. காமராசருக்கு 93 வாக்கு, சி. சுப்பிரமணியத்துக்கு 41. தலைவர் தேர்வு என்றால் எண்ணிப் பார்ப்பது என்ற பொருள் அன்றைக்கு இருந்தது.

பின்னாளில் புதுச்சேரியில் சட்டமன்றக் கட்சிக் கூட்டம் முடிந்ததும் வாசலுக்கு வந்த சொல் பெரும்பாலும் ஒன்றுதான்: ஒருமனதாக. இந்த ஒருமனம் எங்கே உருவாகிறது, எப்படி உடைகிறது என்பதைத் தேடுவதே இக்கட்டுரை. இங்கே தலைவரை அமர்த்தும் கை பெரும்பாலும் அவைக்கு வெளியே இருந்திருக்கிறது; இறக்கும் கை உள்ளே இருந்திருக்கிறது. அமர்த்தும்போது கேட்கப்படாத உறுப்பினர், தன் வாக்கை இறக்கும்போது எடுத்துப் போடுகிறார்.

முதலில் சட்டம். 1963 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஒன்றிய ஆட்சிப் பகுதிகள் சட்டத்தின்படி புதுச்சேரி முதல்வரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். மாநிலங்களில் அந்த வேலை ஆளுநருடையது. முதல்வர் எந்தக் கூட்டத்தில், எந்த முறையில் கட்சித் தலைவராகத் தேர்வாக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் சொல்லவில்லை. ‘சட்டமன்றக் கட்சி’ என்ற சொல்லுக்கு அரசியலமைப்பில் விளக்கம் கிடைத்ததே 1985-இல், கட்சித் தாவலைத் தடுக்கும் பத்தாம் அட்டவணை வந்தபோதுதான். அதற்கு முன் அது வெறும் வழக்கம். அந்த வழக்கத்தைக் காங்கிரஸ் தன் அளவுக்குத் தைத்துக்கொண்டது: டெல்லியிலிருந்து மேலிடப் பார்வையாளர் வருவார், உறுப்பினர்களைத் தனித்தனியே கேட்பார், முடிவை மேலிடத்துக்கு விடுவதாக ஒரு வரித் தீர்மானம் நிறைவேறும்.

அவையின் அளவு இங்கே முக்கியம். தேர்ந்தெடுக்கப்படுவோர் 30 பேர். ஒன்றிய அரசு நியமிக்கக்கூடியவர் 3 பேர். 2021-இல் வாக்காளர் ஏறத்தாழ 10 லட்சம். தொகுதிக்குச் சுமார் 33 ஆயிரம். ஓரிருவர் நகர்ந்தால் ஆட்சி நகரும்.

முதல் முதல்வர் எதுவார் குபேர். 1954 மார்ச்சில் பிரெஞ்சுப் பக்கத்தை விட்டு இணைப்புக்கு மாறி, நெட்டப்பாக்கத்தில் தற்காலிக அரசை அமைத்தவர். 1964 தேர்தலில் காங்கிரசுக்கு 30-இல் 22 இடம் கிடைத்தது. ஆனால் செப்டம்பர் 11 அன்று முதல்வரானவர் வெங்கடசுப்ப ரெட்டியார். 1967 ஏப்ரலில் அவர் இறங்க, பேரவைத் தலைவராக இருந்த பாரூக் 29 வயதில் முதல்வரானார். 1968 மார்ச்சில் மறுபடி ரெட்டியார். செப்டம்பரில் குடியரசுத் தலைவர் ஆட்சி. ஒரே கட்சி, ஒரே அவை, நான்கே ஆண்டுகளில் இரண்டு முறை தலைமை மாற்றம். பொதுத்தேர்தல் எதுவும் இடையில் இல்லை. பாரூக் தி.மு.க.வுக்குப் போய் 1969 மார்ச்சில் திரும்பவும் முதல்வரானார். உள்கட்சிப் பூசல் என்று ஒதுக்கிவிடலாம். நான் அதைப் பிற்காலம் முழுவதற்குமான அச்சாகவே பார்க்கிறேன். தலைமை கைமாறியது, மாற்றத்துக்கான காரணத்தை வாக்காளருக்குச் சொல்லும் கடமை யாருக்கும் இருக்கவில்லை.

அடுத்து வந்த கூட்டணிக் காலத்தை விரைந்து கடக்கலாம். அ.தி.மு.க.வின் ராமசாமி 1974 மார்ச் 6-இல் பதவியேற்று அதே மாதம் 28-இல் இறங்கினார். மண்ணாடிப்பட்டின் எம்.டி.ஆர். இராமச்சந்திரன் தலைமையிலான தி.மு.க. ஆட்சி 1983-இலும் 1991-இலும் முடிந்தது. அதே கட்சியின் முதல்வர் ஜானகிராமன் 2000 மார்ச்சில் போனார். இவர்களைத் தங்கள் கட்சிக் கூட்டம் நீக்கவில்லை. கூட்டணியின் கணக்கு நீக்கியது.

2001-இல் கதை வேறு. தேர்தலில் நிற்காத ப. சண்முகத்தைக் காங்கிரஸ் முதல்வராக்கியது. ஆறு மாதத்துக்குள் அவர் உறுப்பினராக வேண்டும். தொகுதி அமையவில்லை, அக்டோபரில் விலகினார். மேலிடத்தின் ஆசி ஒருவரை நாற்காலி வரை கொண்டுபோகும். அங்கே அவரை நிலைக்க வைக்க ஓர் உறுப்பினர் தன் தொகுதியை விட்டுத்தர வேண்டும்.

அவருக்குப் பின் வந்த ரங்கசாமியின் இறக்கம் இன்னும் கூர்ந்து பார்க்கத் தக்கது. 2006-இல் வென்று மறுபடி முதல்வரான அவருக்கு எதிராக அவருடைய அமைச்சரவைச் சகாக்களே டெல்லிக்குப் படியேறினார்கள். மேலிடம் சொல்ல, 2008 ஆகஸ்டில் விலகினார். செப்டம்பர் 4-இல் வெங்கடசுப்ப ரெட்டியாரின் மகன் வைத்திலிங்கம் இரண்டாம் முறையாக முதல்வரானார். அவைக்குள் ஒரு தீர்மானமும் தேவைப்படவில்லை. ஆனால் விலக்கப்பட்டவர் வாக்காளரிடம் போனார். 2011 பிப்ரவரியில் தனிக்கட்சி, மே மாதம் 15 இடங்கள், மீண்டும் முதல்வர்.

வேறு இடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆஸ்திரேலியாவில் கட்சி உறுப்பினர்களின் அறையிலேயே பிரதமரை மாற்றிவிடுகிறார்கள்: 2010, 2013, 2015, 2018. கொடிய முறைதான். ஆனாலும் எத்தனை வாக்கு எந்தப் பக்கம் என்பது பெரும்பாலும் அன்றே வெளியே வந்துவிடுகிறது. 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. தன் உறுப்பினர்களைக் கூவத்தூர் விடுதியில் வைத்திருந்த தமிழ்நாட்டிலும் கடைசியில் 122-க்கு 11 என்று அவையில் எண்ணினார்கள்.

புதுச்சேரிக்குத் திரும்புவோம். 2016-இல் காங்கிரஸ் 15 இடங்களில் வென்றது. மாநிலத் தலைவர் நமச்சிவாயம் வில்லியனூரில் வென்றிருந்தார். பார்வையாளர்களாக வந்த ஷீலா தீட்சித்தும் முகுல் வாஸ்னிக்கும் இருந்த கூட்டத்தில் தேர்வானவர் தேர்தலில் நிற்காத நாராயணசாமி. நமச்சிவாயத்தின் ஆதரவாளர்கள் வீதிக்கு வந்தார்கள். நெல்லித்தோப்பில் ஒருவர் பதவி விலகி இடம் கொடுக்க, நவம்பரில் நாராயணசாமி உறுப்பினரானார். 2001-இல் கிடைக்காதது 2016-இல் கிடைத்தது. வில்லியனூரின் மனக்குறை மட்டும் ஆறவில்லை.

இந்த மனக்குறையைத் தனிமனிதனின் பதவி ஆசை என்று சுருக்குவது எனக்கு ஏற்புடையதல்ல. வில்லியனூர்க் கொம்யூனின் உறுவையாறு போன்ற ஊரில் நின்று பார்த்தால் அதன் கனம் தெரியும். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பின் 2006-இல்தான் நடந்தது. அந்த உறுப்பினர்களின் காலம் 2011-இல் முடிந்தது. அடுத்த தேர்தல் வரவில்லை. கொம்யூன் அலுவலகம் இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், வார்டு உறுப்பினர் இல்லை. வாய்க்கால் தூர்வாரவும் தெருவிளக்குக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் மக்கள் போய் நிற்கக்கூடிய, அவர்களே தேர்ந்தெடுத்த ஒரே ஆள் எம்.எல்.ஏ. அவருக்கு அமைச்சரவையில் இடம் உண்டா, தலைவரிடம் செல்வாக்கு உண்டா என்பதில் ஊரின் சாலையே அடங்கியிருக்கிறது.

2020 ஜூலையில் பாகூர் காங்கிரஸ் உறுப்பினர் தனவேலு தகுதி நீக்கம் செய்யப்பட்டார்; தன் கட்சி ஆட்சியையே வெளிப்படையாகக் குற்றம்சாட்டியவர் அவர். பாகூர்த் தொகுதி காலியாகவே கிடந்தது. 2021 ஜனவரி 25 அன்று நமச்சிவாயமும் ஊசுடு தீப்பாய்ந்தானும் விலகினார்கள். பிப்ரவரியில் மல்லாடி கிருஷ்ணா ராவ், ஜான்குமார், லட்சுமிநாராயணன், தி.மு.க.வின் வெங்கடேசன். தாவினால் தகுதி போகும். விலகினால் போவது பதவி மட்டும், அடுத்த தேர்தலில் நிற்கத் தடையில்லை. 1985-இன் சட்டம் அடைத்த கதவுக்குப் பக்கத்திலேயே இந்த வழி திறந்திருந்தது.

பிப்ரவரி 22 அன்று அவையில் மிஞ்சியவர் 26 பேர். ஆளும் தரப்பில் பேரவைத் தலைவரைச் சேர்த்து 12. எதிர்த்தரப்பில் 14, அதில் மூவர் நியமன உறுப்பினர்கள். அந்த நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரில் ஏற்றிருந்தது. நம்பிக்கைத் தீர்மானத்தில் நியமன உறுப்பினர் வாக்களிக்கக் கூடாது என்று வாதிட்ட நாராயணசாமி, உரையை முடித்து வெளிநடப்புச் செய்தார். தீர்மானம் தோற்றதாகப் பேரவைத் தலைவர் அறிவித்தார். மக்கள் தேர்ந்தெடுக்காத மூவரை எடுத்துவிட்டால் கணக்கு 12-க்கு 11 என்று புரண்டுவிடும். முதல்வரின் விதியை முடிவுசெய்யும் வாக்கு நியமனத்தில் வந்தவர் கையில் இருப்பது கீழூரின் 178 பேர் கண்ட ஏற்பாட்டுக்குப் பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

தலைவரையும் கொறடாவையும் நியமிப்பது சட்டமன்றக் கட்சி அன்று, அரசியல் கட்சியே என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதம் மகாராஷ்டிர வழக்கில் சொன்னது. புதுச்சேரி வழக்கமாகக் கொண்டிருந்ததற்கு இது ஏறக்குறைய சட்டத்தின் முத்திரை. கூவத்தூர் போன்ற விடுதி அரசியலுக்கு அது கடிவாளம் ஆகலாம். உள்ளே அமர்ந்திருக்கும் உறுப்பினரின் குரலை அது மேலும் குறைக்கவும் கூடும்.

நாராயணசாமி ஆட்சி இறங்கிய நாளில் வில்லியனூருக்கும் ஊசுடுக்கும் பாகூருக்கும் அவையில் ஆள் இல்லை. மூன்று மாதத்துக்குள் புதிய அவை தேர்ந்தெடுக்கப்பட்டது. மண்ணாடிப்பட்டில் வென்ற நமச்சிவாயம் பா.ஜ.க.வின் சட்டமன்றக் கட்சித் தலைவரானார். அவர் விட்டுப்போன வில்லியனூரில் வென்ற இரா. சிவா தி.மு.க.வின் தலைவராகி, எதிர்க்கட்சி வரிசையின் முதல் இருக்கையில் அமர்ந்தார். இருவர் பின்னாலும் தேர்ந்தெடுக்கப்பட்டவர் கணக்கு ஒன்றே: அவரவரையும் சேர்த்து 6.