எருக்கு நார்

எருக்கைப் பற்றி நம்மவர்களுக்கு நல்ல எண்ணம் கிடையாது. ஒருவன் குடி கெட வேண்டுமென்றால், அவன் வீட்டில் எருக்கு முளைக்கட்டும் என்றுதான் சபிக்கிறோம். மடலேறப் போகிற காதலன் தலையிலும் சங்கப் புலவர்கள் எருக்கம்பூவைத்தான் சூட்டினார்கள். பிள்ளையார் அதை விரும்பி ஏற்றுக்கொண்டார்; அவர் எதையும் ஏற்றுக்கொள்ளும் பேர்வழி.

இந்தச் செடிக்கு ஒரு சமயம் பெரிய யோகம் அடிக்க இருந்தது. 1840-களில் கோயமுத்தூரில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டர் இருந்தார். அமெரிக்கப் பருத்தியைப் பயிர்செய்து பார்க்கக் கும்பினியார் அமர்த்திய மனிதர். செடிகொடிகளில் பித்துக் கொண்டவராகையால் பருத்தியோடு நிற்கவில்லை. நம் பக்கத்து நார்களைக் கயிறாக்கி, எது எவ்வளவு பாரத்தில் அறுகிறது என்று சோதித்தார். தென்னைநார்க் கயிறு 224 ராத்தல். புளிச்சை 290, மருள் 316, பருத்தி 346, சணப்பு 407. எருக்கோ 552 ராத்தல்! பருத்திக்காகச் சம்பளம் வாங்கியவர் கையாலேயே பருத்தி தோற்றுப்போயிற்று.

அப்பொழுது இங்கிலாந்தின் கப்பல்களுக்கு வேண்டிய சணலில் பெரும் பகுதி ருஷியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1854-ல் அந்த ருஷியாவோடேயே சண்டை மூண்டது. கயிற்றுக்கு எங்கே போவது? மறு வருஷமே இந்தியாவின் நார்ச் செடிகளைப் பற்றி ராய்ல் என்பவர் லண்டனில் ஒரு புத்தகம் வெளியிட்டார். வைட் கண்ட கணக்கும் அதில் ஏறிற்று. ஆனாலும் எருக்கு கப்பலேறிப் பேர் வாங்கவில்லை.

காரணம், பாரத்தை நிறுத்தவர்கள் கையை நிறுக்கவில்லை. குச்சியை வெட்டி வெயிலில் வாட்ட வேண்டும். பிறகு தட்டிப் பட்டையை உரித்து, பட்டைக்கும் கட்டைக்கும் நடுவிலுள்ள நாரைப் பல்லால் கடித்துப் பிரிப்பார்களாம். பொழுது பூராவும் உட்கார்ந்தால் ஒரு கைப்பிடி நார் தேறும். இதற்குக் கூலி கொடுத்துக் கப்பல் வடம் திரித்தால் எந்த வியாபாரி பிழைப்பான்? வேடனுக்கு வில்நாண், மீன் பிடிக்கிறவனுக்குத் தூண்டில் கயிறு என்று தன் காரியத்துக்குத் தானே திரித்துக்கொண்டவர்களுக்குத்தான் அது கட்டுபடியாயிற்று. அவர்கள் கூலிக் கணக்குப் பார்ப்பதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன்கூட, குமிழங் கொம்பை வளைத்து, மரல் நாரைத் திரித்து நரம்பாகக் கட்டி, மாடு மேய்க்கிற இடத்திலேயே யாழ் வாசிக்கிறான். மரல் என்றது வைட்டின் மருளைத்தான்.

எனக்கும் ஆசை விடவில்லை. நாலு எருக்கங் குச்சியை ஒடித்து வாட்டி உரித்துப் பார்த்தேன். பட்டுப் போன்ற வெள்ளை நார்! இரண்டு இழைகளைத் தனித்தனியே ஒரு பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்க வேண்டும். ஒன்று பிரியப் பார்த்தால் மற்றது விடாது. விஷயம் அவ்வளவுதான். ஆனால் ஒரு முழம் தேறுவதற்குள் விரல் நுனி எரிந்தது. வேலியோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கிழவரிடம் பெருமையாக நீட்டினேன். அவர் அதை இரு கைகளாலும் இழுத்துப் பார்த்தார்.

"முறுக்குப் பத்தலைங்க" என்று சொல்லி, முழுவதையும் பிரித்துவிட்டு, தொடையில் வைத்து மறுபடி உருட்ட ஆரம்பித்தார்.