ஒலியடக்கியும் துப்பாக்கியும்: பழுது எதனுடையது?

மட்டாஞ்சேரியின் வாகனப் பட்டறைகளில் ‘சைலன்சர்’ என்றால் வண்டியின் புகைக்குழல். அதை அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியில், கடற்படையின் படைக்கலப் பயிற்சிப் பள்ளியான ஐ.என்.எஸ். துரோணாச்சாரியாவில், சிறு துப்பாக்கிகளும் கற்பிக்கப்படுகின்றன. படைக்கலத் துறையில் அதே சொல் சுடுகுழல் முனையில் பொருத்தப்படும் ஒலியடக்கியைக் குறிக்கும். இரண்டின் கோட்பாடும் ஒன்றே: சீறி வெளியேறும் வாயுவைத் தடுத்து, மெல்ல வெளிவிடுதல். அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம் 1909-இல் ஒலியடக்கிக்குக் காப்புரிமை பெற்றதோடு, அக்கோட்பாட்டை எந்திரப் புகைக்குழலுக்கும் விரித்தார்.

இவருடைய தந்தை ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிம் 1884-இல் தானியங்கித் துப்பாக்கியை உருவாக்கியவர். வெடிப்பின் ஆற்றலைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றலாம் என்று தந்தை காட்டினார். அவ்வெடிப்பின் வாயு வெளியேறும் முறையை மகன் மாற்றினார். இவ்விரு கருத்துகளும் ஒரே துப்பாக்கியில் சந்தித்தபோதுதான் சிக்கல் எழுந்தது.

கையால் பூட்டை இயக்கும் பழைய ரைபிளில் ஒலியடக்கி இயக்கத்தைப் பெரிதும் பாதிப்பதில்லை. குறி சற்று விலகலாம். வாயுவால் இயங்கும் ரைபிளின் நிலை வேறு. குழலில் அழுத்தம் கூடுதல் நேரம் நீடிப்பதால் பூட்டு முன்கூட்டியே, மிகுவேகத்துடன் பின்னோக்கிப் பாய்கிறது. வெற்றுத் தோட்டா அறைக்குள் சிக்கலாம். தோட்டாப் பெட்டியின் வில் அடுத்த தோட்டாவை உயர்த்துமுன் பூட்டு கடந்து போகலாம். கரியும் வாயுவும் சுடுபவரின் முகம் நோக்கித் திரும்பலாம்.

ஆனால் இதே அறிகுறிகள் தளர்ந்த வில்லாலும், தேய்ந்த கொக்கியாலும், தரம் குறைந்த தோட்டாவாலும் தோன்றும். எனவே முதற்சோதனை எளியது: அதே தோட்டா வகை, அதே பெட்டி, ஒலியடக்கி மட்டும் இல்லை. பழுது நீடித்தால் ஒலியடக்கி காரணமன்று. மறைந்தாலும் அதுவே குற்றவாளி என்று முடிவு கட்டலாகாது. இயல்பு வேகத்தில் தாக்குப்பிடித்த தளர்ந்த வில், மிகுவேகத்தில் தோற்றிருக்கலாம். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவதே இங்கு அறம். இல்லையெனில் வடிவமைப்பின் குறை பராமரித்தவர் தலையிலும், பராமரிப்பின் குறை தொழிற்சாலையின் தலையிலும் விழும்.

இந்தியத் தொழிற்சாலைகளின் வரலாற்றில் இதற்கு இரு விடைகள் உண்டு. இசாப்பூரில் உருவான 1ஏ1 ரைபிளிலும், பின்னர் இசாப்பூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் உற்பத்தியான இன்சாஸ் ரைபிளிலும் வாயுவின் அளவைத் திருத்தும் ஒழுங்கி அமைந்தது. கான்பூரில் உருவான ஸ்டெர்லிங் கார்பைனின் ஒலியடக்கிய வடிவம் வேறு வழியைக் காட்டுகிறது. பிரிட்டிஷ் மூலவடிவில் குண்டு வெளியேறுமுன்னரே சுடுகுழலின் துளைகள் வழியே வாயு கசிந்துவிடும்; ஆகவே அங்கு வேகம் மிகையாகவில்லை, குறைந்தது. அதற்கேற்பப் பூட்டையே இலேசாக்கினர்.

முன்னதில் மிகை, பின்னதில் குறை. இரண்டிற்கும் ஒலியடக்கியே காரணம். ‘பழுது துப்பாக்கியிலா, இணைப்பிலா’ என்ற வினாவே முழுமையற்றது என்பதை இந்த முரண் உணர்த்துகிறது. இணைக்கப்பட்ட கணமே இரண்டும் ஒரு கருவியாகிவிடுகின்றன. தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பொருள்களைத் தனித்தனியே பட்டியலிடும்போது தவறவிடுவது இந்த உறவைத்தான்.