தூசி முதல் திருப்பதி வரை: மாணவர் ஆய்வேடு எதற்கு?

நான்காண்டு இளநிலைப் பட்டப்படிப்பின் முடிவில் எழுதப்படும் ஆய்வேட்டை ஒரு சடங்காகக் கருதும் போக்கு நம் கல்லூரிகளில் வலுத்துவருகிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகத்தின்படி, முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடோ அதற்கு மேலோ பெற்ற மாணவர் நான்காம் ஆண்டில் ஆய்வில் ஈடுபடலாம். அவ்வாய்வேட்டுக்கு 12 கிரெடிட். இருபது வயதைத் தாண்டிய ஒருவர் சில மாதங்களில் எழுதுவதை யார் படிக்கப்போகிறார்கள் என்று மாணவர்களே கேட்கிறார்கள். மானிடவியல் மாணவர்களிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. இதற்கான விடை நம் வட்டாரத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது.

ஆக்ஸ்போர்டின் ரஸ்கின் கல்லூரி முதல்வராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். தாம் கற்பிக்க வேண்டிய நாட்டின் பொருளியலுக்குப் பாடநூல்கள் போதா என்பதை அவர் விரைவில் கண்டார். 1916இல் தம் மாணவர்களிடம் ஒரு வினாநிரலைக் கொடுத்து, விடுமுறையில் அவர்கள் நன்கறிந்த கிராமங்களை ஆராய்ந்து எழுதச் சொன்னார். திருநெல்வேலியின் கங்கைகொண்டான், இராமநாதபுரத்தின் வடமலைபுரம், தஞ்சையின் பாலக்குறிச்சி, தென்னார்க்காட்டின் இருவேல்பட்டு, வடார்க்காட்டின் தூசி முதலிய ஊர்கள் அவ்வாறு எழுத்தில் ஏறின. ஸ்லேட்டர் தொகுத்த அந்நூல் 1918இல் வெளிவந்தது.

தூசியின் பெயர் சித்தூர்க்காரர்களுக்குச் சிறப்பாக நினைவிருக்க வேண்டும். 1911 ஏப்ரல் 1இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வடார்க்காட்டின் தலைநகரம் சித்தூரே. தூசி, திருப்பதி ஆகிய இரண்டும் ஒரே ஆட்சியரின் கீழ் இருந்தவை. அந்தக் கிராம ஆய்வு, பின்னாளைய எல்லைகளால் நாம் மறந்துவிட்ட நம் பழைய மாவட்டத்தின் ஆவணமுமாகும்.

அவை மாணவர் பயிற்சிகள்தானே என்று எவரும் ஒதுக்கிவிடவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. இராமகிருஷ்ணனும் அதே தமிழ்க் கிராமங்களுக்கு மீண்டும் சென்று, 1940இல் மறு ஆய்வு நூலை வெளியிட்டனர். இருவேல்பட்டுக்கு எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் சென்று 1983இல் எழுதினர். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதே ஊரை மீண்டும் ஆராய்ந்தனர். நிலவுடைமையும் பண்ணையாள் முறையும் சாதி ஆதிக்கமும் ஒரு நூற்றாண்டில் எவ்வாறு மாறின என்பதை ஒரே ஊரில் வைத்துப் பேச முடிகிறதென்றால், அதற்கு ஒரு மாணவர் விடுமுறையில் எழுதிய பக்கங்களே அடித்தளம்.

அவை நிலைத்ததற்குக் காரணம் கோட்பாடன்று. யாரிடம் எவ்வளவு நிலம், கூலி என்ன, கடன் எவ்வளவு என்பன போன்ற எளிய செய்திகளே. எழுதியவர்களின் கருத்துகள் பழமையாகிவிட்டன. எண்ணிக்கைகள் இன்றும் பயன்படுகின்றன.

அவற்றின் குறையையும் காண வேண்டும். 1916இல் கல்லூரி வரை வந்தவர்களுள் பெரும்பாலோர் வசதியும் கல்வி மரபும் உடைய குடும்பத்து ஆண்கள். அவர்களுக்கு ஊர் திறந்தது. சேரியும் அடுக்களையும் அதே அளவில் திறந்திருக்க வாய்ப்பில்லை. இன்று திருப்பதியின் வகுப்பறைகளில், அன்று பிறரால் எண்ணப்பட்டவர்களின் கொள்ளுப்பேரரும் கொள்ளுப்பேர்த்தியரும் அமர்ந்திருக்கிறார்கள். எண்ணப்பட்டவர்கள் எண்ணத் தொடங்கும் இக்காலத்தில் ஆய்வேட்டைச் சடங்காக்கினால், இழப்பு மதிப்பெண்ணோடு நிற்காது.

திருப்பதி ஆய்வுலகம் அறியாத ஊரன்று. பர்ட்டன் ஸ்டெயின் சிகாகோவில் 1958இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு திருமலைக் கோயிலின் பொருளியலைப் பற்றியது. தாதய்யகுண்டா கங்கம்மா ஜாத்திரையில் ஆண்கள் புனையும் வேடங்களைப் பற்றி டான் ஹேண்டல்மன் 1995இல் எழுதினார். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகரின் நூல் 2013இல் வந்தது. வேங்கடவனின் தங்கையாகக் கருதப்படும் அம்மனுக்கு மலையிலிருந்து சீர் வரும் வழக்கத்தை உள்ளூர் மாணவர் சிறுவயது முதல் கண்டிருப்பார். கண்டு பழகியதையே கேள்வியாக மாற்றுவதுதான் அவருக்குக் கடினம். அந்தக் கடினத்தில்தான் மானிடவியல் தொடங்குகிறது.

மொழியியல் பயின்றவன் என்ற முறையில் ஒன்றை வலியுறுத்துவேன். 1953இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960 ஏப்ரல் 1இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. எல்லைக்கோடு நகர்ந்தாலும் வீட்டுமொழிகள் நகரவில்லை. சித்தூர், நகரி, குப்பம் பகுதிகளில் வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, ஆய்வேட்டில் ஆங்கிலம் என்று மும்மொழிகளைக் கடப்பவர் பலர். தகவல் தருபவர் ‘தரிசு’ என்றால் அது பயிரிடத்தக்க, ஆனால் பயிரிடப்படாத நிலம். ‘புறம்போக்கு’ என்றால் வரி விதிப்புக்குப் புறம்பான பொது நிலம். இரண்டையும் ஆங்கிலத்தில் ‘வேஸ்ட் லேண்ட்’ என்று எழுதிவிட்டால், அங்கே யார் ஆடு மேய்த்தார்கள், யார் குடிசை போட்டார்கள், யார் வெளியேற்றப்பட்டார்கள் என்ற கேள்விகளே எழாமல் போகும்.

ஆகவே, கள ஆய்வுக்குச் செல்லும் மாணவ நண்பர்களுக்குச் சொல்வது இதுவே. பெரிய கோட்பாட்டைத் தேடி அலையாதீர்கள். ஒரு தெருவையோ ஒரு தொழிலையோ ஒரு திருவிழாவையோ தேர்ந்து, மக்கள் சொன்ன சொல்லை அவர்கள் சொன்ன மொழியிலேயே, நாளும் இடமும் குறித்து எழுதுங்கள். யாரிடம் பேச முடியவில்லை என்பதையும் பதிவு செய்யுங்கள். தனி மனிதர் பெயர்களை மறைத்துக் காத்திடுங்கள். துறைகளும் அவ்வேடுகளைத் தேர்வு முடிந்ததும் பழைய தாளாகக் கழித்துவிடாமல், பெயரும் ஊரும் குறித்த பட்டியலோடு நூலகத்தில் சேர்க்க வேண்டும். இன்னும் 20 ஆண்டுகளில் உங்கள் தெருவுக்கு மற்றொரு மாணவர் வருவார். அவர் எதனோடு ஒப்பிட்டு மாற்றத்தை அளப்பார் என்பது நீங்கள் இன்று எழுதுவதைப் பொறுத்தது.